ஊர் அமைப்பதும் குறை கேட்பதும்

ஓர் ஊரை அமைக்க வல்லவர் பலர். தாம் அமைத்த ஊரைப் பிறர்க்குத் திறந்து காட்டி, இதிலுள்ள குறை யாது என்று கேட்க வல்லவர் சிலரே. அங்ஙனம் கேட்கும் பண்பு இல்லாவிடத்து எத்துணைப் பொருள் செலவிட்டு எழுப்பிய ஊரும் குடியிருப்பார்க்கு இடராகவே முடியும். இவ்வுண்மையை வலியுறுத்துதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபினின்றும் சிறிது விலகி, நம் மாணவர் நாள்தோறும் ஆடும் ஒரு விளையாட்டையும், முத்துக்குப் புகழ்பெற்ற சிலாவத்துறையையும் ஒருங்கு வைத்து எழுதத் துணிகின்றேன். இரண்டிற்கும் இயைபு யாது என அன்பர்கள் வினவுதல் இயல்பே. மேலே செல்லச் செல்ல அவ்வியைபு விளங்கும்.

மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டைச் சுவீடன் நாட்டு மொஜாங் நிறுவனம் 2011ஆம் ஆண்டிலே முழுமையாக வெளியிட்டது. 2014இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 250 கோடி டொலர் கொடுத்து அதனைத் தனதாக்கிக்கொண்டது. 2023ஆம் ஆண்டளவில் 30 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாகிவிட்டன. இவ்விளையாட்டிலே முடித்தே தீரவேண்டிய கதை என ஒன்றில்லை. மண், கல், மரம் முதலியன ஒரு மீற்றர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட கட்டிகளாகக் கிடக்கின்றன. அவற்றைப் பெயர்த்தும் அடுக்கியும் வீடு, வீதி, வாய்க்கால், இறங்குதுறை என யாதும் சமைக்கலாம். கடற்கரையிலே சிறுவர் மணல்வீடு கட்டி மகிழ்வதை ஒத்தலின், இவ்வகை ஆட்டங்களை மணற்பெட்டி விளையாட்டு என்பர்.

இதனை ஒருவர் தனித்தும் ஆடலாம். ஆயினும் இதன் சிறப்பு பலர் கூடி ஆடும்போதே வெளிப்படுகின்றது. யாழ்ப்பாணத்திலிருக்கும் சிறுவனும் ரொறன்ரோவிலிருக்கும் அவன் மைத்துனனும் இணையத்தின் வழியே ஒரே நிலத்தில் நின்று ஒரே ஊரைக் கட்டுகின்றனர். கட்டியபின் மற்றையோரை அழைத்துக் காட்டுகின்றனர். வந்தவர் வீதிகளிலே நடந்து பார்க்கின்றனர். பாலம் ஒடுக்கமாயிருக்கிறது, களஞ்சியம் வயலுக்குத் தொலைவாயிருக்கிறது, இருட்டிலே இவ்வழி வருவோர்க்கு விளக்கில்லை என்று கூறுகின்றனர். கட்டினவன் ஏற்பன ஏற்றுத் திருத்துகின்றான்.

இவ்வழக்கத்திலே மூன்று நல்லொழுக்கங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, ஊருக்குள் நடந்து பாராமல் எவரும் கருத்துரைப்பதில்லை. இரண்டாவது, நல்ல ஆட்டகளங்களில் வந்தவர் பிறர் கட்டிய சுவரைத் தம் கையால் இடித்தல் ஆகாது. ஒவ்வொருவர் நிலத்துக்கும் காப்பு உண்டு. ஆலோசனை கூறலாம், திருத்துவது உரியவன் பொறுப்பு. மூன்றாவது, ஐயம் நேர்ந்தால் அவ்வுலகத்தை அப்படியே படியெடுத்து, படியிலே மாற்றத்தைச் செய்து பார்த்து, நலம் தோன்றினால் மட்டும் மூலத்திலே கைவைக்கலாம். இடித்துரைக்கும் துணையின் பெருமையை வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திலே வலியுறுத்தினார். அரசர்க்குக் கூறிய அவ்வறத்தைப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் விளையாட்டிலே பயில்கின்றனர் எனின் அதனை வீண்பொழுது என்று தள்ளிவிடுதல் பொருந்துமோ?

இனிச் சிலாவத்துறைக்கு வருவோம். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அருவியாறு கடலொடு கலக்கும் அரிப்புக்கு அணித்தாய் உள்ளது இவ்வூர். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் இக்கரையூர்கள் முத்துக்குளிப்புக் காலங்களிலே கண்ட காட்சி உலகில் வேறெங்கும் காண்டற்கரிது. முத்துப் பார்களிலே சிப்பி முதிர்ந்தது என்று அரசினர் அறிவித்த ஆண்டில், வெறும் மணற்பரப்பிலே சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும். கிடுகுக் கொட்டில்கள் வரிசை வரிசையாக நிற்கும். கடைத்தெரு, நீதிமன்று, காவல் நிலையம், வைத்தியசாலை, சிப்பி எண்ணும் கொட்டு, ஏலக்களம் யாவும் அமையும். தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் குளியாளிகளாய்க் கடலில் இறங்குவர். வணிகரும் தட்டாரும் கடைகாரரும் அவர்களைத் தொடர்ந்து வருவர். பருவம் முடிந்தால் கிடுகும் கம்பும் பிரிக்கப்படும், நகரம் மறையும், மணலும் சிப்பி ஓடுமே எஞ்சும்.

1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியிலே நிகழ்ந்த குளிப்பு இவற்றுள் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அவ்வாண்டு எடுக்கப்பட்டன. அரசினர்க்கு 25 இலட்சம் ரூபா வருமானம் வந்தது. அடுத்த ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி அற்றுப்போயிற்று. பின்னாளில் ஆங்கில எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப் யாழ்ப்பாணத்தில் இளம் அதிகாரியாயிருந்தபோது, 1906இல் இக்குளிப்புக்கு அனுப்பப்பட்டுப் பணிபுரிந்தார்.

அம்மணல் நகரின் ஒழுங்கு வியக்கத்தக்கதே. ஆயினும் ஒரு குறை அதன் அடியிலே கிடந்தது. வீதி எங்கே, கிணறு எங்கே, சிப்பியை அழுகவிடும் இடம் எங்கே என்பவற்றை அதிகாரிகள் வகுத்தனர். அங்கே உண்டு உறங்கி உழைத்த பல்லாயிரவர்க்கு அதிலே சொல் இல்லை. அழுகிய சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும் தாங்கியவர் அவர்களே. வாந்திபேதி புகுந்த ஆண்டுகளில் மாண்டவரும் அவர்களே. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுதற்கென அரிப்பின் மேட்டிலே கட்டிய மாளிகை கடலரிப்பால் இடிந்து வீழ்ந்துவருகின்றது. ஆள்வோன் உயரத்திலிருந்து நோக்கிய அம்மாடம் சரிந்தபோதும், உயரத்திலிருந்து நோக்கி ஊரை வகுக்கும் மனப்பான்மை இன்னும் சரியவில்லை.

அதற்குச் சான்று வேண்டின் நம் காலத்தையே நோக்கலாம். 1990ஆம் ஆண்டு ஐப்பசியிலே வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலிப் பகுதியின் முஸ்லிம் மக்களும் அவ்வாறே தம் ஊரை விட்டுச் சென்றனர். போர் தமிழரையும் அவ்வாறே அலைக்கழித்தது. 2009க்குப் பின் திரும்பியவர் கண்டது காடு மூடிய வளவுகளையும் கூரையற்ற சுவர்களையுமே. சிலாவத்துறையிலே தம் காணிகளிற் சில கடற்படை முகாமுக்குள் இருத்தலை எதிர்த்து மக்கள் 2019இல் தொடர் போராட்டம் நடத்தினர். ஊரை மீள அமைத்தல் என்பது அங்கே பாடநூற் சொல்லன்று, உயிர்ப் பிரச்சினையாகும்.

திரும்பியோர்க்கு வீடு கட்டும் முயற்சிகளிலே இருவகை அனுபவம் நமக்குண்டு. இந்திய அரசின் வீட்டுத்திட்டம் 2010இல் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 50,000 வீடுகள். முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டிக் கொடுத்தனர். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்திலோ முறை மாறிற்று. வீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாக உரியவரின் வங்கிக் கணக்கில் இடப்பட்டது; உரியவரே முன்னின்று கட்டினார். அடுப்படி எத்திசையில், விறாந்தை எத்துணை அகலம் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அவருக்குக் கிடைத்தது. தம் கைப்பணத்தையும் உழைப்பையும் சேர்த்து வீட்டை விரித்தவரும் உளர்.

இதற்கு மாறாக, 2016இல் வடகிழக்குக்கு 65,000 எஃகுப் பொருத்து வீடுகளை இறக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. நம் வெயிலுக்கு அது தகுமோ, விறகடுப்புப் புகைக்கு வழி யாது, உள்ளூர் மேசன்மாருக்குத் தொழில் யாது என்று பொறியியலாளரும் பொருளியலறிஞரும் மக்கட் பிரதிநிதிகளும் வினவினர். ஈற்றில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நன்றே. ஆனால் அவ்வினாக்கள் வரைபடம் முடிந்தபின் எழுந்தன. வரைபடம் தொடங்குமுன் எழுந்திருப்பின் காலமும் பணமும் எஞ்சியிருக்கும் அல்லவா?

விளையாட்டின் பயன் இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. 2012இல் மொஜாங் நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்பு நிறுவனமும் கைகோத்து, 'புளொக் பை புளொக்' என்னும் முயற்சியைத் தொடங்கின. முதற்கண் நைரோபி மாநகரின் கிபேரா என்னும் குடிசைப் பகுதியில் ஒரு விளையாட்டு மைதானத்தை அவ்வூர் மக்களே மைன்கிராஃப்டில் வடிவமைத்தனர். ஹெயிற்றி நாட்டு லே காய் நகரிலே கடற்கரையை எங்ஙனம் திருத்தலாம் என்பதை மீனவர் உள்ளிட்ட மக்கள் கட்டிகளை அடுக்கிக் காட்டினர். வியத்நாமின் ஹனோய் நகர்ப்புறத்திலே பள்ளிச் சிறுமியர் தாம் அஞ்சி நடக்கும் பாதைகளை எடுத்துக்காட்டித் திருத்தம் கூறினர். முறை எளிது. இடத்தின் மாதிரியை முன்னரே கணினியில் அமைப்பர். மக்கள் முதலில் அவ்விடத்தை நேரில் நடந்து பார்ப்பர். பின் இருவர் மூவராய் ஒரு கணினிமுன் அமர்ந்து தம் விருப்பத்தைக் கட்டுவர். ஈற்றில் யாவரும் ஒவ்வொரு குழுவின் வேலையையும் பார்த்து, முதலில் வேண்டுவது எது என்று கூடி முடிவு செய்வர். கட்டடக் கலைஞர் அதனைக் கொண்டு மெய்யான வரைபடத்தை ஆக்குவர்.

வரைபடத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர்க்கு நீலக்கோடுகள் நிறைந்த தாளை நீட்டி, உமது கருத்து யாது என்றால் அவர் தலையசைப்பார், வேறென் செய்வார்? அதே இடத்தைக் கண்முன் நிறுத்தி, இதுவே உமது கிணறு, இதுவே பள்ளிக்குச் செல்லும் வழி என்று காட்டினால், அவர் வாய் திறப்பார். சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் அவ்வாசலாலே மணல் வீட்டுக்குள் வரும் என்பார். மாரியில் அப்பள்ளத்தில் வெள்ளம் நிற்கும் என்பார். அவ்வறிவு எந்தத் திணைக்களத்தின் கோவையிலும் இல்லை.

ஆகவே என் விண்ணப்பம் இது. நம் கல்லூரியின் கணினிக் கழக மாணவர், இவ்விழா ஆண்டின் பணியாகச் சிலாவத்துறைக் கரையை மைன்கிராஃப்டில் அமைக்கட்டும். விலை கொடுத்து வாங்க இயலாவிடின், லுவாண்டி என்னும் இலவச மென்பொருள் உண்டு. முன்னர் மைன்ரெஸ்ற் எனப்பட்டது அதுவே. ஒரு கட்டி ஒரு மீற்றராதலின் அடியளந்து கட்டுதல் அரிதன்று. அப்பகுதிப் பாடசாலை மாணவரையும் சேர்த்துக்கொண்டு, பள்ளிவாசல், தேவாலயம், கோயில், மீன்வாடி, நிழல்மரம், கிணறு யாவற்றையும் குறிக்கட்டும். பின்னர் அவ்வூர் முதியோரையும் தாய்மாரையும் மீனவரையும் அழைத்து நடத்திக் காட்டி, அவர் கூறும் திருத்தங்களை ஒவ்வொன்றாக எழுதி, முசலிப் பிரதேச சபையின் முன் வைக்கட்டும். ஒரு பேருந்துத் தரிப்பிடத்துக்கு நிழலும், ஒரு பாதைக்கு விளக்கும் இதனால் கிடைப்பினும் அது சிறு பயனன்று.

இதனை மறுப்போர் கூறுவனவும் எனக்குத் தெரியாமலில்லை. விளையாட்டிலே கிணற்று நீர் உவர்ப்பதில்லை, காணிக்கு உறுதி வேண்டுவதில்லை, சீமெந்தின் விலை ஏறுவதில்லை என்பர். உண்மை. கட்டிகளால் ஆகிய ஊர் காணிப் பிணக்கைத் தீர்க்காது. முகாமின் வேலியையும் அகற்றாது. ஆயினும் தாம் வேண்டுவது இன்னதெனத் தெளிவாகக் காட்டத் தெரிந்த மக்களை எளிதில் ஒதுக்குதல் இயலாது. படிப்புக் கெடும் என்போர்க்கு ஒன்று கூறுவேன்: நில அளவை, கணிதம், வரலாறு, பிறர் சொல்லைப் பொறுமையுடன் கேட்டல் என்னும் நான்கையும் ஒருங்கே பயிற்றும் பாடம் நம் கால அட்டவணையிலே வேறு எது உளது?

ஈற்றிலே பழைய மாணவராகிய நமக்கும் ஒரு சொல். இலண்டனிலும் சிட்னியிலும் ரொறன்ரோவிலும் வாழும் நாம் கல்லூரிக்கும் ஊருக்கும் பொருள் அனுப்புகின்றோம். அதனோடு ஆலோசனையும் அனுப்புகின்றோம். பொருள் கொடுத்தவன் சொல்லே முதற்சொல் என்று கருதும் வழக்கம் நம்மிடை வேரூன்றிவிட்டது. ஓர் ஆண்டு மண்டபம், மறு ஆண்டு வளைவு, அதற்கடுத்த ஆண்டு கல்வெட்டு என்று எழுப்புகின்றோம். நாள்தோறும் அங்கே இருக்கும் மாணவனுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டியிருத்தல் கூடும். அவனை யார் கேட்டார்? விளையாடும் சிறுவனின் ஒழுக்கம் நமக்கும் வேண்டும். முதலில் நடந்து பார்ப்போம். பிறகு உரைப்போம். இடிப்பதையும் கட்டுவதையும் அங்கே வாழ்வோர் கையில் விடுவோம்.

முத்தெடுக்க மூழ்கியவன் கயிற்றின் நுனியை மேலே தோணியிலிருப்பவன் கையில் கொடுத்தே இறங்கினான். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலிருப்பவன் இழுத்தான். அதனாற்றான் குளித்தவன் உயிரோடு மீண்டான். ஊர் அமைக்கும் பணியிலும் கீழிருந்து வரும் அசைவை உணரும் கைகளே வேண்டப்படுவன. அத்தகைய கைகளை நம் கல்லூரித்தாய் மேன்மேலும் உருவாக்குவாளாக.