முற்றமில்லா வீடும் மின்சார வண்டியும்

மின்சார வண்டிகளைப் பற்றிப் பேசுங்கால், அவற்றின் விலையையும் வேகத்தையும் நாம் ஆராய்கின்றோம். இரவில் அவை எங்கு நிற்கும் என்பதை ஆராய்வதில்லை. பெட்ரோல் வண்டி எங்கு நின்றாலும் குறைவில்லை. மின்சார வண்டியோ நிற்குமிடத்திலேயே தன் உணவைப் பெறவேண்டியது. ஆதலால் இக்கேள்வியே தலையாயது.

தேங்காய்ப்பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரமும் மீன்பிடி துறைமுகமும் உடையது இவ்வூர். 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து மக்கள் நெருக்கம் மிகுந்தது நம் கன்னியாகுமரி மாவட்டமே. சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். கடலோரத்திலோ வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பன. அங்கே வண்டிப்புரை உடையார் சிலர். தெருவே வண்டிப்புரையாக உடையார் பலர்.

வீட்டு இணைப்பிலிருந்தே வண்டிக்கு மின்னேற்றிக் கொள்ளலாம் என மத்திய அரசின் விதிகள் இடந்தருகின்றன. முற்றமில்லார்க்கு இதனாற் பயன் யாது? சன்னல் வழியே வயரை இழுத்துத் தெருவின் குறுக்கே போடுவதொன்றே அவர்க்குள்ள வழி. உப்புக்காற்றும் இரு பருவமழையும் உள்ள ஊரில், அது குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும். அஞ்சி விலகுவாராயின், மீன் விற்போரும் ஆட்டோ ஓட்டுவோரும் எரிபொருட் செலவு குறையும் நன்மையை இழப்பர். முற்றமுடையார் மட்டுமே அதனைப் பெறுவர். இது நீதியன்று.

பரிகாரம் தொலைவில் இல்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் மின்சார வாரியம், 2021-இல் கோழிக்கோட்டில் மின்கம்பங்களிலேயே மின்னேற்றுமுனைகளை அமைத்துச் சோதித்தது. பின்னர் மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் அதனைப் பரப்பிற்று. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளை முன்னிட்டே அவை ஏற்பட்டன. கட்டணம் கைப்பேசி வாயிலாகச் செலுத்தப்படும். லண்டன் மாநகரிலும் 2020-இல் சதர்லண்டு அவென்யூ என்னும் ஒரே தெருவின் 24 விளக்குக் கம்பங்கள் கார்களுக்கு மின்னேற்றுமாறு மாற்றப்பட்டன. செல்வர் வாழும் மாநகர்த் தெருவிற்கும் முற்றமின்மை ஒரு குறையே என்பது இதனாற் புலனாகும்.

‘ஊர்க் கம்பம் இச்சுமையைத் தாங்குமோ? ஒருவர் எடுக்கும் மின்சாரத்திற்கு மற்றவர் பணம் கட்டுவதோ?’ எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாக்களே. ஒரு ஸ்கூட்டருக்கு முழுதும் ஏற்ற ஏறக்குறைய மூன்று யூனிட் போதும். ஆட்டோவிற்கு ஏழு, எட்டு யூனிட். இரவு முழுதும் மெல்ல ஏற்றினால் சுமை பெரிதாகாது. பல வண்டிகள் கூடுமிடத்தில் டிரான்ஸ்பார்மரின் திறனை முன்னரே கணித்தல் வேண்டும். எடுப்பவரே பணம் செலுத்துவதால் பிறர்க்கு நட்டமில்லை. துருப்பிடியாத பெட்டியும், மின்சாரம் கசிந்தால் நொடியில் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. இவற்றிற்காகும் செலவைச் சுருக்கலாகாது.

கார்களுக்கு இடமில்லாத சந்துகளில் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவிற்கும் மட்டும் முதலில் வழி செய்க என்பதே நம் கோரிக்கை. துறைமுக வாயிலிலும், ஆட்டோ நிற்குமிடத்திலும், நெருங்கிய தெருக்களின் தலைப்பிலும் சில கம்பங்கள் போதும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மாணவர், தத்தம் தெருவில் இரவில் நிற்கும் வண்டிகளையும் அருகிலுள்ள கம்பங்களையும் எண்ணி ஒரு வரைபடம் தீட்டி, உள்ளாட்சி மன்றத்தாரிடமும் மின் அலுவலகத்திடமும் சேர்ப்பாராக. கல்லூரியிற் பயின்ற மின்னியல் ஊருக்குப் பயன்படுதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.