ஆளும் வழி வேறு, ஓடும் வழி வேறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

என் தந்தையார் குளத்து மடையைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சி. கார், பிசானம் என்னும் இரு போகத்துக்கும் வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடுவது அவர் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். "நீ படிக்கிற படிப்புல என்னலே வேலை?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "உங்க வேலைதான்ப்பா. தண்ணிக்குப் பதிலா செய்தி" என்றேன். விளையாட்டாகச் சொன்ன அந்த விடையின் உண்மையைச் சென்ற கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன்.

கணினிகளை இணைக்கும் சுவிட்ச் என்னும் பெட்டியை நம் ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். வருகின்ற செய்தியை உரிய கணினிக்குத் திருப்பிவிடுவது அதன் தொழில். அந்தத் தொழிலுக்கு அதற்கென ஓர் ஐ.பி. முகவரி தேவையில்லை. ஆனால் தொலைவிலிருந்து நாம் அதற்கு ஆணையிட வேண்டுமானால், அதனுள் ஓர் இடைமுகம் அமைத்து, முகவரி கொடுத்து, நம் ஆணை அங்கே போய்த் திரும்ப வழியும் வகுத்துத் தர வேண்டும். இதுவே மேலாண்மை இடைமுகம்.

விடுமுறையில், வலைப்பின்னல்களைப் பராமரிக்கும் அண்ணன் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெல்லையில் அமர்ந்தபடியே அம்பாசமுத்திரத்து அலுவலகம் ஒன்றின் சுவிட்சில் புதிய வி.லேனைச் சேர்க்கச் சொன்னார். ஒரே கம்பியில் ஓடும் செய்திகளைத் தனித்தனி வாய்க்கால்களாகப் பிரிப்பதே வி.லேன். அனுமதிப் பட்டியலில் 30ஆம் எண்ணைச் 'சேர்' என்று ஆணையிட வேண்டியவன், 'சேர்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். பட்டியலில் 30 மட்டுமே நின்றது. நான் ஆணையிட்டுக்கொண்டிருந்த வி.லேனும் அழிந்தது! திரை அசைவற்று நின்றது. "ஏலே, கதவைப் பூட்டிச் சாவிய உள்ளயே போட்டுட்டியே!" என்றார் அண்ணன். சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் பூட்டிய அலுவலகத்தில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.

அன்று சாலை இருந்தது, போனோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியுமா? தாமிரபரணி பெருக்கெடுத்துச் சாலைகள் அறுந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கித் தவித்த நாட்கள் அவை. அத்தகைய நாளில் கேபிளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

பெரியவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இட்ட ஓர் ஆணை தலைமை இணைப்புகளையே துண்டித்தது. மேலாண்மைக்கான மாற்று வழியும் கைகொடுக்காததால், பொறியாளர்கள் நேரில் சென்றே சரிசெய்ய நேர்ந்தது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்திலும் அதே கதைதான். ஆளும் வழி, விழுந்துபோன வலைப்பின்னலையே நம்பியிருந்தது.

எனவே நான் வற்புறுத்துவது இதுதான்: செய்தி ஓடும் வழியும் அதை ஆளும் வழியும் ஒன்றாக இருக்கலாகாது. பல சுவிட்சுகளில் எல்லாத் துளைகளும் முதலில் 1ஆம் வி.லேனில்தான் இருக்கும். மேலாண்மையையும் அங்கேயே விட்டுவைப்பது சோம்பல். அதற்கெனத் தனி வி.லேன் அமைத்து, நிர்வாகியின் கணினிக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். கடவுச்சொல்லை அப்படியே வெளிக்காட்டும் டெல்நெட்டை விட்டு, மறைத்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையைக் கையாள வேண்டும். தொலைவிலிருந்து திருத்துமுன், பத்து நிமிடத்தில் தானே மீண்டும் தொடங்குமாறு சிஸ்கோ சுவிட்சுக்கு ஆணையிட்டு வைக்கலாம். இணைப்பு அறுந்தாலும், சேமித்துவைத்த பழைய அமைப்புடன் அது எழுந்துவிடும். இதை நான் அறிந்திருந்தால் அந்தப் பேருந்துப் பயணம் மிஞ்சியிருக்கும்!

"செலவாகுமே" என்பார்கள். தனி வி.லேனுக்குக் காசு செலவில்லை, கவனமே செலவு. ஆனால் அதுவும் அதே கம்பியில்தான் ஓடுகிறது. ஆகவே மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களுக்குக் கைப்பேசி அலைவழியாகவேனும் வேறொரு பாதை வேண்டும்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடத்தைக் கொண்டு செல்வது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். அந்தப் பெட்டிகளை நாளை யார் காப்பது? நம்மைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகள்தாமே! ஏழு அடுக்குகளின் பெயரை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறோம். ஒரு சுவிட்சுக்குள் நுழைந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? பருவத்துக்கு ஒருமுறையேனும் அதைக் கெடுத்துத் திருத்தும் பயிற்சியை ஆய்வகத்தில் தருமாறு ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

பழைய குமிழி மடையை நீருக்குள் மூழ்கித்தான் திறக்க வேண்டும். என் தந்தையார் இன்று கரைமேல் நின்று ஷட்டரைத் திருகுகிறார். வெள்ளம் வந்தாலும் அவர் கை மடைக்கு எட்டும். நாமும் கரைமேல் நிற்கக் கற்போமாக!