கூலிச் சித்திரம் என்னும் அபவாதம்

வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்புகின்ற கார்ட்டூன்களுக்குக் கொழும்பிலோ திருவனந்தபுரத்திலோ சோலிலோ இருந்துகொண்டு படம் வரைந்து கொடுக்கின்ற சிறிய ஸ்தாபனங்களைப் பற்றி நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது. கதை அமெரிக்கனுடையது, பாத்திரங்களின் உருவம் அவனுடையது, குரல் அவனுடையது, லாபமும் அவனுடையது. நம் பிள்ளைகள் செய்வது அவன் போட்ட கோட்டின்மேல் கோடு போடுகிற கூலி வேலை. அதற்குக் கற்பனை வேண்டியதில்லை, கை ஒன்று இருந்தால் போதும் என்பது அந்த அபிப்பிராயம். மாத்தளை மாவட்டத்திலே, உக்குவலையிலோ ரத்தோட்டையிலோ, உயர்தரத்தில் சித்திரத்தைப் பாடமாக எடுத்துத் தேறிய ஒரு பிள்ளை, கொழும்புக்குப் போய் அனிமேஷன் ஸ்டூடியோ ஒன்றில் சேரப் போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்தால், தகப்பனார் சொல்லாவிட்டாலும் பெரியப்பா சொல்லிவிடுவார்: "வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் படம் கீறவா உன்னை இவ்வளவு படிப்பிச்சது?" பெரியப்பா நேராகச் சொல்வதைப் படித்தவர்கள் கலாசார அடிமைத்தனம், சுயசிருஷ்டியின் வீழ்ச்சி என்று சபையேறிச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், இரண்டும் பிழை என்பதே என் கட்சி.

கூலி என்பது மாத்தளையில் சாதாரண வசவு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து இவ்வூர் வந்து சேருமுன்னே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தம்மவரைப் பறிகொடுத்த தோட்டத் தொழிலாளரின் சந்ததியார், அந்தப் பெயரை மறுபடி தம் வாசற்படியில் காண விரும்பாதது நியாயமே. ஆனால் அந்த விருப்பமின்மை, அப்பெயர் ஒட்டப்படுகின்ற வேலையை ஒரு தரமாவது கிட்டப் போய்ப் பார்க்கவொட்டாமல் தடுத்துவிட்டது என்பதே என் முறைப்பாடு.

கிட்டப் போய்ப் பார்ப்போம். அரைமணி நேரக் கார்ட்டூனில் விளம்பரம் போக எஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிஷம். விநாடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்துகிற சிக்கன முறையிலும் அந்த 22 நிமிஷத்தை நிரப்பச் சுமார் 16,000 நிலைகள் வேண்டும். பாத்திரம் அசையாமல் நிற்கிற இடங்களையும், பழைய படத்தையே மறுபடி போட்டு ஒப்பேற்றுகிற இடங்களையும் கழித்தாலும் வரைய வேண்டியவை பல்லாயிரம். வெளிநாட்டிலிருந்து வருகிற பொதியில் இவை இருப்பதில்லை. வருவன காட்சி வரிசையைப் படங்களாகக் காட்டுகிற ஸ்டோரிபோர்டு, முன்னரே பதிவான குரல், பாத்திரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் காட்டுகிற மாடல் ஷீட், வசனத்தின் ஒவ்வோர் ஒலியும் எத்தனையாவது சட்டகத்தில் விழுகிறதென்று கட்டம் கட்டமாகக் குறித்த எக்ஸ்போஷர் ஷீட் ஆகிய இவைதாம். பூனை கதவைத் திரும்பிப் பார்க்கிறது என்றால், ஸ்டோரிபோர்டில் திரும்புமுன் ஒரு படம், திரும்பியபின் ஒரு படம் இருக்கும். திரும்புதல் என்கிற காரியம் அங்கே இராது.

அந்தத் திரும்புதலையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் பார்க்கிற முகம் ஒன்று, வலப்பக்கம் பார்க்கிற முகம் ஒன்று. இரண்டுக்கும் சரிநடுவே அளவெடுத்து ஒரு முகத்தை வரைந்து ஓடவிட்டால் பூனை திரும்பாது, அதன் மூக்குக் கன்னத்தின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போகும். கைதேர்ந்தவன் நடுப்படத்தில் மோவாயைச் சற்றே தாழ்த்தித் தலையை ஒரு வளைவில் கொண்டுபோவான். இமையை அவ்விடத்தில் மூடித் திறப்பான். பூனை தானாக ஒன்றை நினைத்துத் திரும்புகிறதாயின் கண்மணி முந்திப் போகும், தலை பின்னால் வரும். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதாயின் தலை முந்தும், கண் பிந்தும். அதன் மனத்தில் இருப்பது பயமா, சந்தேகமா, கதவுக்கு அப்பால் நிற்பது யாரென்று அதற்கு முன்னமே தெரியுமா என்பதெல்லாம் ஐந்தாறு படங்களின் இடைவெளியிலே நிர்ணயமாகின்றன. ஸ்டோரிபோர்டு இதைச் சொல்வதில்லை. சொல்லக்கூடிய டைரக்டரோ அந்நேரம் பூமியின் மறுபக்கத்தில் நித்திரையாயிருக்கிறார். நிர்ணயிப்பவன் மேசைமுன் இருக்கிற பிள்ளை. பிழைத்தால், திருத்தி மறுபடி வரைய வேண்டிய ரீடேக் பட்டியலில் ஏறுவதும் அவன் காட்சியே. இப்போதெல்லாம் கொம்பியூட்டரே இடைப்படங்களைப் போட்டுவிடுகிறதே என்பார்கள். போடுகிறது, மெய்தான், அது போடுவது அந்த உயிரற்ற சரிநடு முகத்தை. அதைக் குலைத்து நேராக்குவதற்குத்தான் கொம்பியூட்டரில் பாத்திரத்தை அசைக்கும் ரிக் வைத்து வேலை செய்கிற அனிமேட்டருக்குச் சம்பளம்.

மாசிமகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மனின் பஞ்சரதம் வீதிவலம் வருகையில் முன்னே நடந்து நாயனம் வாசிக்கிற வித்துவான், சன்மானம் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறார். அவர் வாசிக்கிற கீர்த்தனையைச் செய்தவர் தியாகையர். இராகமோ தியாகையருக்கும் முந்தியது. இருந்தும் அவரைத் தியாகையரின் கூலியாள் என்று சொல்ல ஒருவர் நா எழுந்ததை நான் அறியேன். ரூபவாஹினி 1982இல் ஆரம்பமான பிற்பாடு அங்கே மொழிமாற்றப் பிரிவை நடத்திய டைட்டஸ் தொட்டவத்த, பக்ஸ் பன்னி என்கிற அமெரிக்க முயலைச் சிங்களம் பேசவைத்து, 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று புதுப்பெயரும் சூட்டி நாட்டுக்கு அளித்தார். மாத்தளைத் தமிழ்ப் பிள்ளைகளும் அதைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தார்கள். படத்தில் ஒரு கோடுகூட அவருடையதன்று. அவரைக் கலைஞர் என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபமெல்லாம் கோட்டையே வரைந்தவன் மீதுதான்.

இம்மாவட்டத்தின் பூர்வ சரித்திரமும் இந்த அபவாதத்துக்கு எதிர்ச்சாட்சியாகவே நிற்கிறது. சீகிரியாக் குன்றிலே ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னனுக்காகப் பெண்ணுருவங்களைத் தீட்டியவர்கள் ஏவலுக்கு வரைந்தவர்கள். ஒருவர் பெயர்கூட நம்மிடம் வந்து சேரவில்லை. ஓர் உருவத்தின் கையை முதலில் ஓரிடத்தில் வைத்துப் பின்னர் மாற்றிய தடம் இன்றும் தெரிவதால், மூன்று கைப் பெண் என்று வழிகாட்டிகள் அதைச் சுட்டிக் காட்டுகிறார்கள். (ஸ்டூடியோக்காரன் கண்ணுக்கு அது அசல் ரீடேக்.) தம்புள்ளைக் குகைகளில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட ஓவியங்களில், எந்தப் புத்தர் எந்த முத்திரையோடு எவ்விடத்தில் அமர வேண்டுமென்பதை மரபே விதித்திருந்தது, அம்மரபில் வந்த நீலகமச் சித்தரர் ஊழியத்துக்கு நிலம் பெற்றவர்கள். நம் காலத்திலும், அளுவிகாரையில் ஈனா டி சில்வா நிறுவிய பத்திக் பட்டறையில், ஒருவர் வரைந்த கோலத்துக்குக் கிராமத்துப் பெண்கள் மெழுகிட்டுச் சாயந்தோய்த்த சீலைகளைக் கலை என்று தயங்காமல் வாங்கினோம். சுவரிலும் துணியிலும் நாம் ஒப்புக்கொண்ட ஒரு நியாயம், தொலைக்காட்சித் திரைக்கு வந்தவுடன் மறுக்கப்படுவானேன்?

இகழ்ச்சியாவது பரவாயில்லை, இரக்கம் அதைவிடப் பொல்லாதது. 2010 அக்டோபரில், பிரித்தானியச் சுவரோவியர் பேங்ஸி, 'த சிம்ப்சன்ஸ்' தொடரின் ஆரம்பக் காட்சி ஒன்றைத் தம் யுக்திப்படி அமைத்துக் கொடுத்தார். அதிலே இருண்ட நிலவறையில், எலிகள் ஓட, சோர்ந்த முகத்தோடு ஆசியத் தொழிலாளர் வரிசையாக இருந்து படம் வரைந்தார்கள். ஒற்றைக் கொம்புக் குதிரை ஒன்று டிவிடிக்குத் துளையிட்டது. முதலாளித்துவத்தைச் சாடிய தீரம் என்று உலகம் கைதட்டியது. அந்தக் காட்சியையும் படமாக வரைந்து கொடுத்தவர்கள், அத்தொடருக்கு ஆரம்ப காலம் முதலே வேலை செய்துவந்த சோல் நகரத்து ஏகம் ஸ்டூடியோக்காரர்களே என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள்? அதன் ஸ்தாபகர் நெல்சன் ஷின், இது தம்மவரை அவமதிப்பதாகப் பகிரங்கமாகவே ஆட்சேபித்தார். அவர் ஆட்சேபிக்கத் தகுதி வாய்ந்தவர். 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒளிவாள்களுக்கு ஒளியூட்டிய கை அவருடையது. 1986இன் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' திரைப்படத்தை இயக்கியவரும் அவரே. பரிதாபத்துக்குரிய ஓர் அடிமைக் கூட்டத்தைத் தேடிப்போன பேங்ஸியும், நம் உக்குவலைப் பெரியப்பாவும், வரைகின்றவனுக்குச் சொந்தமாக ஒரு புத்தி உண்டென்பதை எண்ணிப் பார்க்கவில்லை என்ற ஒரு விஷயத்தில் சகோதரர்கள்.

அந்த நெல்சன் ஷின் பிறகு என்ன செய்தார்? தகப்பனின் பார்வைக்காகத் தன்னைக் கடலுக்குப் பலியாக ஒப்புக்கொடுத்த சிம்சொங் என்கிற பெண்ணின் கொரிய நாட்டுக்கதையை, வடகொரிய ஸ்டூடியோவின் கைகளையும் சேர்த்துக்கொண்டு, 'எம்ப்ரஸ் சங்' என்ற முழுநீளப் படமாக்கி 2005இல் இரு கொரியாக்களிலும் வெளியிட்டார். அயலான் கார்ட்டூனுக்கு வரைந்த கை சொந்தக் கதைக்கு உதவாமற் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த விருத்தாந்தத்தைக் கவனிக்கட்டும். கொரியாவில் இது தனி விஷயமும் அன்று. 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பான 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடருக்குச் சோலில் படம் வரைந்தவர்களுள் ஒருவரான யூ ஜே-மியுங், 2010இல் ஸ்டூடியோ மிர் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்க, அடுத்து வந்த 'கோரா' தொடரின் முதற்பாகத்தை அமெரிக்கர்கள் அவர் கையிலேயே ஒப்படைத்தார்கள். திருவனந்தபுரத்தில் 1999இல் தொடங்கி வெளிநாட்டு வேலைகளை எடுத்துச் செய்த டூன்ஸ் ஸ்டூடியோதான் நம் தெனாலிராமனைக் கார்ட்டூன் தொடராக்கியது. ஹாலிவுட் கார்ட்டூன்காரர்கள் வேலை வெளிநாடு போகக்கூடாதென்று 1979லும் 1982லும் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறுங் கைவேலையைக் கண்டு அவ்வளவு கலவரப்பட்டிருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

எதிர்க்கட்சியாரிடம் உண்மை சிறிதும் இல்லையென்று நான் வாதிக்க வரவில்லை. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்தாபனமான ரிதம் அண்ட் ஹ்யூஸ், 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் வாங்கியது. அதே மாதத்தில் திவாலாகி நீதிமன்றமும் ஏறியது. அதே துறையைச் சேர்ந்த டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். எங்கே கூலி குறைவோ அங்கே வேலை நகரும். பியோங்யாங் வரைக்கும் நகரும். வடகொரிய இணைய சேவையகம் ஒன்றில் பூட்டாமல் கிடந்த கார்ட்டூன் கோப்புகளை ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த செய்தி 2024இல் வெளியாயிற்று. சீன மொழியில் திருத்தக் குறிப்புகளும், அவற்றின் கொரிய மொழிபெயர்ப்பும் அவற்றில் இருந்தன. ஒரு குறிப்பு, பாத்திரத்தின் தலை வடிவத்தைச் சரிசெய்யச் சொல்கிறது. தன் பெயரை வெளியே சொல்லவும் அனுமதியில்லாத அந்த வடகொரியனும் கடைசியில் ஒரு தலையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறான்.

ஆகவே சண்டை பிடிக்க இடம் இருக்கிறது. பெரியப்பா பிடிக்கிற இடம் அதுவன்று. படம் முடிந்து ஓடுகிற பெயர்ப் பட்டியலில், குரல் கொடுத்தவர், கதை எழுதியவர், நிர்வாகிகள் எல்லாரும் ஆளுக்கொரு வரியாக நகர, பல்லாயிரம் படம் வரைந்த அயல்நாட்டு ஸ்டூடியோ பெரும்பாலும் கம்பெனிப் பெயராக ஒரே வரியில் போய்விடுகிறது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேறு. தான் வரைந்த காட்சியை அடுத்த வேலைக்கு மனுப்போடுகையில் எடுத்துக் காட்டவும் பலருக்கு உரிமை இராது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தொழிலில் அமர்த்தப்பட்டவர் அத்தொழிலின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமையை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, அமர்த்தியவருக்கே கொடுக்கிறது. ஆனால் ஆக்கியோன் தன் பெயர் காட்டப்பட வேண்டுமெனக் கேட்கிற உரிமையையும் அதே சட்டம் அங்கீகரித்திருக்கிறது. வேலைக்குச் சேரப் போகிற பிள்ளையிடம் பெரியப்பா கேட்க வேண்டிய கேள்விகள் அந்த ஒப்பந்தத்தில் உள்ளன: உன் பெயர் போடுவார்களா, ஒளிபரப்பான பிறகு உன் காட்சிகளை நீ காட்டலாமா, ரீடேக்குக்குச் செலவிடுகிற இரவுகளுக்குச் சம்பளம் உண்டா? இல்லையென்று எழுதியிருந்தால், கையொப்பமிடுமுன் அந்த விதிகளை அடித்துத் திருத்தச் சொல்லி நிற்க ஒற்றைப் பிள்ளையால் ஆகாது. அதற்கு அனிமேட்டர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும், சங்கத்துக்கு வக்கீல் வேண்டும், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் வேண்டும்.