மிதிவண்டிக்கு முன் சாலையைப் பாருங்கள்

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஹெப்பகோடியில் விடியற்காலையில் இருவகை மிதிவண்டிகளைக் காணலாம். ஒன்று, பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் முதல் ஷிப்டுக்கு விரையும் தொழிலாளியின் இரும்பு மிதிவண்டி. மற்றொன்று, சந்தாபுரா, ஆனேக்கல் வழியாகத் தமிழக எல்லைக்கு அப்பாலுள்ள தளி வரை சென்று திரும்பும் ஆர்வலரின் ரோடு பைக். முன்னதன் விலை சில ஆயிரம் ரூபாய். பின்னதன் விலை சில லட்சம் வரை உயரக்கூடும். இரண்டும் ஓடுவது ஒரே சாலையில்தான்.

ஆர்வலர்கள் கூடும் இடங்களில் புதிதாக வண்டி வாங்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. எந்த நிறுவனத்தின் வண்டி? அலுமினியமா, கார்பனா? எந்தக் கியர் தொகுதி? எத்தனை கிலோ எடை? இவை தேவையான கேள்விகளே. ஆயினும் கேட்கப்படும் வரிசை தவறு என்பது என் கருத்து. எந்தச் சாலையில், எவ்வளவு தூரம், வாரத்தில் எத்தனை நாள் ஓட்டப்போகிறோம் என்பதே முதல் கேள்வியாக இருத்தல் வேண்டும். அதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றுள் பாதிக்குத் தாமாகவே விடை கிடைத்துவிடும்.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரின் எடை 70 கிலோ, வண்டியின் எடை 10 கிலோ என வைத்துக்கொண்டால் மொத்தம் 80 கிலோ. பெரும்பொருள் செலவிட்டு 8 கிலோ வண்டியை வாங்கினால் மொத்த எடையில் குறைவது 2.5 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் நேரமும் ஏறக்குறைய அந்த அளவே குறையும். அரைமணி நேரம் ஏற வேண்டிய நந்தி மலையில் மிச்சமாவது முக்கால் நிமிடம். சமதளத்திலோ எதிர்ப்பது எடையன்று, காற்று. அங்கே இந்த வேறுபாடு பெரும்பாலும் புலப்படுவதே இல்லை. போட்டியில் கலந்துகொள்பவருக்கு முக்கால் நிமிடம் பெரிது. ஞாயிறு காலையில் உடல்நலத்துக்காக ஓட்டுபவருக்கு அதன் விலை என்ன என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது கியர். ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்துத் தொகுதிகளையே பலரும் அளவுகோலாகக் கொள்கின்றனர். கிளாரிஸ் என்பதில் பின்சக்கரத்தில் 8 பல்சக்கரங்கள், சோராவில் 9, டியாக்ராவில் 10, 105 என்னும் வரிசையில் 11 அல்லது 12. படி ஏற ஏற விலையும் ஏறும். கியர் மாற்றுவது மென்மையாகும் என்பது உண்மையே. ஆனால் புதியவருக்கு முக்கியமானது எத்தனை பல்சக்கரங்கள் என்பதன்று. அவற்றுள் மிக எளிய கியர் எது என்பதே. முன்னே 34 பற்களும் பின்னே 28 பற்களும் உள்ள கியரில் நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் மணிக்கு 10.7 கிலோமீட்டர் வேகம் வரும். பின்னே 32 பற்கள் இருந்தால் அதே மிதிப்பில் 9.4 கிலோமீட்டர். ஏற்றத்தில் மூட்டு வலிக்காமல் ஏறுவதற்கு வழி செய்வது இந்தச் சிறு வேறுபாடுதான். உயர்ந்த தொகுதியில் 28 பற்களை வாங்குவதைவிட, எளிய தொகுதியில் 32 பற்களை வாங்குவதே பலருக்கும் உகந்தது.

மூன்றாவது, டயர். நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெயர்ந்த தார், சரளைக் கற்கள், அறிவிப்பின்றி எழும் வேகத்தடை, மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கு ஆகிய அனைத்தும் அங்கு உண்டு. பழைய வழக்கப்படி 23 அல்லது 25 மில்லிமீட்டர் டயரில் காற்றை இறுக அடைத்து ஓட்டுவது இத்தகைய சாலைக்கு ஒவ்வாது. 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் குறைந்த காற்றழுத்தத்தில் அதிர்வைத் தாங்கும். சக்கர விளிம்பைக் காக்கும். ஆகவே வண்டி வாங்குமுன் கடைக்காரரிடம் தவறாது கேட்க வேண்டியது இது: இந்தச் சட்டகத்தில் 32 மில்லிமீட்டர் டயர் நுழையுமா?

இவை அனைத்துக்கும் மேலானது அளவு. சட்டையை நீளம் பார்த்து வாங்கும் நாம், நான்கு மணி நேரம் குனிந்து அமரும் வண்டியைத் தள்ளுபடி பார்த்து வாங்குகிறோம். பொருந்தாத சட்டகத்தில் கழுத்தும் முதுகும் மூட்டும் வலிக்கும், விரல்கள் மரத்துப்போகும், சில வாரங்களில் வண்டி பால்கனிக்குப் போய்விடும். கடந்த ஆண்டின் மாதிரியைக் குறைந்த விலைக்கு வாங்குவது சிக்கனம். ஓர் அளவு பெரிய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்குவது வீண்செலவு.

இதற்கு ஆர்வலர்கள் கூறும் மறுப்பும் சிந்திக்கத்தக்கதே. எளிய வண்டியை வாங்கியவர் ஓராண்டில் அதை விற்றுவிட்டு உயர்ந்ததை வாங்குகிறார். இரண்டு செலவுக்குப் பதில் தொடக்கத்திலேயே நல்லதை வாங்கலாமே என்பர். பாகங்களைத் தனித்தனியே மாற்றினால் செலவு கூடும் என்பதும் மெய். ஆனால் இந்த வாதம், வாங்கியவர் ஓராண்டு முழுவதும் ஓட்டுவார் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறது. ஓராண்டு ஓட்டியவருக்குத் தம் தேவை தெரியும்; அவர் உயர்ந்ததை வாங்குவதில் தவறில்லை. ஓட்டத் தொடங்காதவருக்கு அந்த அறிவை எந்த விலைப்பட்டியலும் தராது. நீண்டதூர ஓட்டங்களைப் பாருங்கள். 200 கிலோமீட்டர் பிரவே ஓட்டத்தை முடிக்க அளிக்கப்படும் காலம் பதின்மூன்றரை மணி நேரம். ஓய்வையும் சேர்த்துச் சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் போதும். அதற்கு வேண்டியது உடலுக்குப் பொருந்திய வண்டியும் பழகிய கால்களுமே. பெங்களூர் ஆர்வலர்கள் 2008 இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரீஸ் போன்ற மலைப்பயணங்களுக்குச் செல்வோருக்கும் மாதக்கணக்கான பயிற்சியே முதல் மூலதனம்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். 2023-24 நிதிநிலை அறிக்கையில் மிதிவண்டி மீதான இறக்குமதிச் சுங்கவரி 30 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மறுபுறம், 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி நீங்கலாக 50,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு முன்பு 56,000 செலுத்த வேண்டியிருந்தது, இன்று 52,500. மிச்சமாகும் 3,500 ரூபாயைக் கொண்டு அடுத்த படியிலுள்ள வண்டிக்குத் தாவ வேண்டும் என்று மனம் சொல்லும். தலைக்கவசமும் முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் வாங்க அத்தொகை ஏறக்குறையப் போதுமானது என்று அறிவு சொல்லும். அறிவின் பக்கம் நிற்பதே நன்று.

மோட்டார் வாகனச் சட்டத்தின் தலைக்கவச விதி மிதிவண்டிக்குப் பொருந்தாது. கேட்பாரில்லை என்பதனாலேயே இப்பொறுப்பு நம்முடையதாகிறது. இஎன் 1078 போன்ற தரச்சான்று பெற்ற, தலைக்குப் பொருந்திய கவசம் போதும்; விலை உயர்ந்தது வேண்டுமென்பதில்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டும். பிரவே ஓட்டங்களில் இரவு நேரத்துக்கு விளக்குகளும் ஒளியை எதிரொளிக்கும் மேலாடையும் கட்டாயம். கனரக வாகனங்கள் ஓயாது செல்லும் ஓசூர் சாலையில் அந்த விதியை விடியற்காலைக்கும் நாமே விதித்துக்கொள்வது நலம்.

காப்பீட்டையும் இவ்வேளையில் நினைவூட்டுவது பொருத்தம். 2015 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர்கள் சேரலாம். ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தில் மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். ஜூன் முதல் மே வரை காப்புக் காலம். பல ஆயிரம் ரூபாய்க்கு வண்டி வாங்குபவர் 20 ரூபாய் பிரீமியம் தம் கணக்கில் பிடிக்கப்படுகிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பது மிகையாகாது. தொழிலாளியின் மிதிவண்டிக்கும் இதே காப்பு பொருந்தும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வதும் நம் கடமையே.

கடனில் வாங்கலாமா? பொழுதுபோக்குப் பொருளுக்குக் கடன் அட்டையில் நிலுவை வைப்பதை நான் ஏற்கவில்லை. மாதம் 3 சதவீத வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். வட்டியில்லாத் தவணை என்ற அறிவிப்பையும் முழுமையாகப் படிக்க வேண்டும். கடன் அட்டை நிலுவைக்கான பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைந்து வருகிறது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுட்டிக்காட்டியது. மாறாக, மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்தினால், 6 சதவீத வட்டி எனக் கொண்டாலும் ஓராண்டில் 60,000 ரூபாயும் ஏறக்குறைய 2,000 ரூபாய் வட்டியும் சேரும். அந்த ஓராண்டில் இரவல் வண்டியிலோ பழைய வண்டியிலோ ஓட்டிப் பாருங்கள். ஆர்வம் நிலைத்தால் பணமும் தயார். நிலைக்காவிட்டால் பணம் மிச்சம்.

கடன் எல்லாம் தீது என்பதன்று என் வாதம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் அங்கமாகப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியால் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது அவர்கள் ஆண்களுக்கான வண்டியையே வாங்கினர். அதிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தனர். எந்த வகை, எந்தப் பெயர் என்று அவர்கள் கேட்கவில்லை. என்ன பயன் என்று கேட்டார்கள். வேலைக்கும் சந்தைக்கும் தண்ணீருக்கும் அவர்களைக் கொண்டுசென்ற அந்தக் கடன், நேரத்தையும் தன்னுரிமையையும் ஈட்டித் தந்தது. வண்டி தேர்வு செய்வதற்கு இதனினும் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

நிறைவாக ஒன்று. 2020 இல் பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு பகுதியிலிருந்து மிதிவண்டிகளுக்கெனத் தற்காலிகத் தடம் ஒதுக்கப்பட்டது. பயன்படுத்துவோரின் குரல் வலுவாக ஒலிக்காத இடத்தில் அத்தகைய தடங்கள் விரைவிலேயே வாகனங்கள் நிறுத்துமிடங்களாக மாறிவிடுகின்றன. 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடம் ஹெப்பகோடியையும் பொம்மசந்திராவையும் நகரோடு இணைத்துள்ளது. நிலையத்திலிருந்து வீட்டுக்கும் ஆலைக்கும் உள்ள அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு மிதிவண்டியைவிட மலிவான ஊர்தி இல்லை. அதற்கான பாதுகாப்பான தடத்தையும் நிறுத்துமிடத்தையும் கேட்கும் வசதியும் கல்வியும் தொடர்பும் வாய்த்தவர்கள் இந்த ஆர்வலர்களே. பல்சக்கர எண்ணிக்கையைப் பற்றி விவாதிக்கும் நேரத்தில் ஒரு பங்கை அதற்குச் செலவிட்டால் பயன் பலருக்கும் கிட்டும். வண்டியின் எடையில் ஒரு கிலோ குறைவதால் ஒருவர் சில நொடிகள் முந்துவார். சாலையில் ஒரு தடம் கிடைத்தால் எல்லோரும் வீடு திரும்புவார்கள்.