துண்டு போடச் சொல்லும் தோழர்களுக்கு

2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம் தோகலப்பள்ளி கிராமத்தில் பெரியவர்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணிவரை பெண்கள் நைட்டி போடக் கூடாது. போட்டால் 2000 ரூபாய் அபராதம். காட்டிக் கொடுப்பவருக்கு 1000 ரூபாய் பரிசு. அதற்கு முன்பே 2014இல் நவி மும்பைப் பக்கம் கோத்திவலியில் ஒரு மகளிர் மன்றமே நைட்டிக்கு 500 ரூபாய் தண்டம் அறிவித்தது. அதையெல்லாம் படித்துவிட்டு நிலப்பிரபுத்துவப் புத்தி, கட்டப் பஞ்சாயத்து என்று நாம் சிரித்தோம். இப்போது அதே புத்தி எங்க காலனி மன்றத்துக்குள்ளேயே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பொம்பளைங்க நைட்டியோட குழாயடிக்கும் ரேஷன் கடைக்கும் வரக் கூடாதாம். வந்தா மேல துண்டு போட்டிருக்கணுமாம். தீர்மானம் கொண்டு வந்தவர் நம்ம தோழர்தான். பேசும்போது அவர் கட்டியிருந்தது கைலி, அதுவும் தொடைக்கு மேல மடிச்சுக் கட்டினது.

கேட்டால் மானம், பண்பாடு என்கிறார்கள். யாருடைய பண்பாடு? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடினதுக்காக அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859இல் அரசு பணிந்தபோதும், மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போல உடுத்தக் கூடாது என்றுதான் அனுமதி தந்தது. 1930இல் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. அன்றைக்கு மூடினது குத்தம். நைட்டியோ கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற உடுப்பு. சேலையில் தெரிகிற இடுப்புகூட இதில் தெரியாது. அதுவும் குத்தம்! அப்படியானால் பிரச்சினை மூடுவதா திறப்பதா என்பதில் இல்லை. எதை உடுத்தலாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள் என்பதுதான் உறுத்துகிறது.

சேலையைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்கள் நம்ம பாட்டிமாரைக் கேட்டுப் பார்க்கணும். கொசுவம் வைக்கிற விதத்திலேயே இன்ன சாதி என்று தெரிந்துவிடும். பண்ணையார் வீட்டம்மா கட்டிக் கிழிந்த சேலைதான் பல பேருக்குத் தீபாவளித் துணி. நைட்டி அப்படி வரவில்லை. நூறு நாள் வேலைக் காசில் சந்தைக்குப் போய், பூவைப் பார்த்து நிறத்தைப் பார்த்து அவளே பேரம் பேசி வாங்கினது. அதைப் போட்டு நடக்கிறவளைப் பார்த்து எந்தத் தெரு என்று சொல்லிவிட முடியாது. சிலதில் பாக்கெட்டும் உண்டு. காசு, சாவி, செல்போன் அதிலேயே கிடக்கும். முந்தியில் முடிந்த காசை அவிழ்த்துப் பார்க்கிற புருசனுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

தொகுப்பு வீட்டை நினைத்துப் பாருங்கள் தோழர். ஒரே அறை. அதில் மாமனார், கொழுந்தன், வளர்ந்த பையன். அஞ்சரை மீட்டர் சேலையைச் சுற்றிக் கட்ட எங்கே மறைவு? வீட்டுக்குப் பின்னால ஓலைத் தட்டிக்குள்ள பாவாடையை நெஞ்சு வரை ஏத்திக் கட்டிக் குளிச்சவ, ஈரத்தோட நைட்டியைத் தலைவழியா மாட்டிக்கிட்டு வெளியே வந்துடுறா. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடுற ஊரில் துவைக்கிறதும் சுளுவு. பாவாடை நாடா அறுத்து இடுப்பைச் சுற்றிக் கறுத்துப்போன தழும்பு எத்தனை பேருக்கு இருக்கு தெரியுமா? பிரசவத்துக்குப் போறவளுக்குப் பையில் முதலில் வைப்பதே முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டிதான்.

அதற்காக நைட்டியே விடுதலை என்று நான் சொல்லவில்லை. பேர்தான் நைட்டி, போட்டவளுக்கு நைட்டு இல்லை. விடிய நாலு மணிக்கு எழுந்து சாணி வாரி, தண்ணி பிடிச்சு, சோறாக்கி, ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிப் படுக்கிற வரைக்கும் அதே துணிதான். வேலைக்கு ஒண்ணு, ஓய்வுக்கு ஒண்ணு என்று மாத்த, முதல்ல ஓய்வு வேணுமில்ல? மேல்தட்டு வீடுகளில் ஆபீசிலிருந்து வந்ததும் பைஜாமாவுக்கு மாறுகிறார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பைஜாமா என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மீட்டிங் நடத்தினார்கள். அதை யாரும் ஆபாசம் என்று சொல்லவில்லை, தமாஷ் என்றார்கள். வீட்டு உடுப்போடு உலகத்தைப் பார்க்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. குடத்தோடு குழாயடிக்கு வருகிறவளுக்கு இல்லை.

அம்பேத்கரே பெண்களை ஒழுங்காக உடுத்தச் சொன்னாரே என்று ஒரு தம்பி மடக்கினான். சொன்னார்தான். 1927 டிசம்பரில் மகாடில், தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டுவதை விடுங்கள், மேல்சாதிப் பெண்கள் போலக் கட்டுங்கள், கனத்த வெள்ளி நகைகளைக் கழற்றுங்கள் என்றார். சாதி அடையாளத்தை உடம்பிலிருந்து உரித்துப் போடச் சொன்னதை, உடம்பை மறைக்கச் சொன்னதாகத் திரிப்பது பித்தலாட்டம்.

அப்புறம் அந்தத் துண்டு. நம்ம தாத்தாமார் ஆண்டையைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினவர்கள். அதைத் தோளிலேயே விட்டு நடந்ததற்காக அடி வாங்கினவர்கள். அந்தத் துண்டை இன்றைக்கு நீங்கள் எங்க தோளில் கட்டாயமாகப் போடச் சொல்கிறீர்கள். அவர்களுக்குக் கழற்றச் சொல்லி உத்தரவு, எங்களுக்குப் போடச் சொல்லி உத்தரவு.

தீர்மானம் போட்டுத்தான் ஆகணும் என்றால் வேறு விசயம் இருக்கிறது. எங்க தெருவில் பாதி வீட்டுக்குக் கதவு வைத்த குளியலறை கிடையாது. ஓலைத் தட்டியிலும் ரெண்டு பக்கம் ஓட்டை. தெருவிளக்கு எரிஞ்சு மாசம் மூணாச்சு. பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன், நைட்டியோடதான் வந்து கொடுப்பேன்.