செக்றோலும் தாய்மையும்

தோட்டத்திலே கொழுந்தெடுக்கும் பெண் வயிற்றுப் பிள்ளையை எண்ணி ஒருநாள் ஓய்ந்திருந்தால், அன்று அவளுக்குப் பேர் இல்லை. குறித்த நிறையை எடுக்க இயலாவிட்டால் அரைப்பேர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தாய்சேய் நலம் பேசுவோர் இக்கணக்கிலிருந்தே பேச்சைத் தொடங்கவேண்டும்.

பிரசவச் சகாயச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அதன் பயனை எவரும் மறுக்கமுடியாது. ஆயின், பிரசவத்துக்கு முந்திய ஓராண்டில் 150 நாள் வேலை செய்திருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. நாட்கூலி பெறுபவளுக்குக் கிடைப்பதோ சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு. ஆதலால் கால் வீங்கினாலும் தலை சுற்றினாலும் அவள் கூடையுடன் மலையேறுகிறாள். கைக்காசுக்கு வேலை செய்யும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். 150 நாளை எடுத்துக்காட்டப் பெரும்பாலும் செக்றோலிலே அவள் பெயரே இல்லை.

மூன்றாவது பிள்ளை முதல் 84 நாள் விடுமுறையை 42 நாளாகக் குறைத்த விதி 2018ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. அதற்கு முன்னே, 1980இல், கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு இணங்குவோருக்கு அரசாங்கம் 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கிப் பின்னர் அதனை 500 ரூபாயாக உயர்த்தியது. தோட்டப் பெண்ணுக்கு அது பல வாரக் கூலி! ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களிலேயே இச்சிகிச்சை மிகுந்து காணப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நாம் விரோதிகளல்லர். வறுமையின் முன் பணத்தை நீட்டிப் பெற்ற சம்மதத்தைச் சுயவிருப்பம் என்று எப்படி ஏற்பது?

தோட்டப் பெண்கள் அறியாமையால் வைத்தியத்தை நாடுவதில்லை என்ற பழைய பழியும் இன்று செல்லாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. அங்கே செல்ல வழி பிறந்ததும் அவர்கள் சென்றார்கள். இன்று தோட்டங்களிலும் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நடைபெறுகின்றன. 2017இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் புதிய ஆஸ்பத்திரியும் எழுந்தது. ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தியற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர், தோட்டங்களில் 32 பேர். பிரசவத்துக்குக் கட்டில் கிடைத்தது. அதற்கு முந்திய மாதங்களில் ஓய்வும் உணவும் கிடைக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கருவுற்றவளுக்கு நிறைக் கணக்கின்றி முழுப்பேரும் இலகுவான வேலையும் வேண்டும். கைக்காசுத் தொழிலாளிக்கும் பிரசவப் பணம் உறுதிப்படவேண்டும். லயங்களுக்கு வரும் மருத்துவ மாதர் தமிழ் அறிந்தவராயிருக்கவேண்டும். ஒரு தாய் விளங்காத மொழியிலே தீர்மானம் எடுக்கலாகாது.

வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் இக்கோரிக்கைகளைத் தங்கள் சங்கங்களிலே எடுத்துரைக்கட்டும். வடக்குக் கிழக்கு விவசாயிகளும் இதனை மலைநாட்டாரின் காரியம் என்று ஒதுக்கலாகாது. நாற்றுமேடையைக் காயவிட்டு நல்ல விளைச்சலை எதிர்பார்க்கும் கமக்காரன் எவனும் இல்லை. தேயிலையின் வருவாயை எதிர்பார்க்கும் நாடு மட்டும் அதைச் செய்யலாமா?