பயத்திற்குப் பரிகாரம் பூசையா?

திண்டுக்கல் பட்டணத்திலாகட்டும், நத்தம், வேடசந்தூர் கிராமங்களிலாகட்டும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு நெஞ்சு படபடத்து, இராத்தூக்கம் கெட்டால், பெற்றோர்கள் பலர் முதலில் தேடுவது கோடாங்கியைத்தான். அவன் "காத்துக் கருப்பு" என்கின்றான். ஜோசியன் "சனி" என்கின்றான். தாயத்துக்கும் கோழிக்கும் பணம் போகின்றதேயொழிய, பிள்ளையின் பயம் போனபாடில்லை.

இதற்குப் பேயும் காரணமல்ல, கிரகமும் காரணமல்ல. ஆபத்தைக் கண்டால் உடம்பு பதறுவது இயற்கை. ஆபத்தில்லாதபோதும் ஓயாமல் பதறுவதே வியாதி. மனோவைத்தியர் முதலில் குறுக்கிடாமல் கேட்கின்றார். பிறகு, "தோற்றால் வாழ்வே போச்சு என்கிறாயே, அதற்கு அத்தாட்சி என்ன?" என்று நோயாளியையே விசாரிக்கச் செய்கின்றார். 1960-களில் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் வகுத்த இம்முறை, நமது பகுத்தறிவு முறையேயன்றி வேறென்ன? அஞ்சியதைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ளவும் பழக்குகின்றார். வேண்டியவர்களுக்கு டாக்டர் மருந்தும் கொடுப்பார்.

நிற்க, நமது தோழர்களிலும் சிலர், "பயமாவது மண்ணாவது, தைரியமாயிரு" என்று கேலி செய்கின்றார்கள். காய்ச்சல்காரனை அதட்டினால் சூடு தணியுமா?

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டுச் சங்கிலியில் கிடந்த 28 மனோவியாதிக்காரர்கள் நெருப்பில் மாண்டார்கள். எந்த மதத்துக் கடவுள் வந்து சங்கிலியை அவிழ்த்தார்? மனிதர் செய்த 2017-ம் வருஷத்துச் சட்டமல்லவா சங்கிலியைக் குற்றமாக்கிற்று?

ஆகவே தோழர்களே! திண்டுக்கல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கின்றார்கள். 14416 என்ற எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். கோடாங்கி வீட்டுக்குப் பூட்டும் வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள்.